மூன்று கறவை பார்த்து வாங்கிய பூனை

கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் என் மனைவி என்னிடம் வாய்விட்டுக் கேட்டவை மூன்று. ஒன்று, கிரைண்டர். இரண்டாவது, என் தங்கச்சி வீட்டு விசேஷங்களுக்கு வராமலிருக்க அனுமதி. மூன்றாவது, பூனை. முதல் இரண்டையும் பெருந்தன்மையோடு வழங்கிவிட்டேன். மூன்றாவதைக் கேட்டபோது டம்ளர் சரிந்து காப்பி முழுவதும் வேட்டியில் போயிற்று.

அவளுக்கு இளைப்பு உண்டு. ஏரலில் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே உண்டு. டாக்டர்கள் ஆஸ்துமா என்பார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மழையில் பலமாக வந்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். அதற்குப் பிறகு காலையும் மாலையும் மருந்தை உறிஞ்சி, வாயைக் கொப்பளித்து, ஒழுங்காக இருந்து, அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். இளைப்பு அவளை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. பக்கத்து அறையில் அவள் தொண்டையைச் செருமினால் போதும், எனக்கு மூச்சு முட்டும்.

என் வேலை அப்படி. இன்சூரன்ஸ் ஆபீசில் விபத்து இழப்பீட்டுப் பிரிவு. காலையிலிருந்து சாயந்தரம் வரை நசுங்கின பம்பரும் உடைந்த கண்ணாடியுமாகப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு, உலகத்தில் நசுங்காத ஒரு பொருள் இருக்கிறது என்றே நம்பிக்கை வராது. அதனால் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தேன். ஊதுபத்தி கிடையாது. சாம்பிராணி கிடையாது. பஞ்சு மெத்தை கிடையாது. குற்றாலத்துக்குப் போனால், அருவிக்கு எதிரே கடையில் உட்கார்ந்து அருவியைப் பார்த்துக்கொள்ளலாம். தாமிரபரணியில் முழங்கால் வரைக்கும் நனைக்கலாம், தலையை நனைக்கக் கூடாது. ஆற்றங்கரையில் பிறந்து ஆற்றங்கரையிலேயே வாக்கப்பட்ட ஒருத்திக்கு இந்தத் தண்டனையைக் கொடுத்துவிட்டு, என்னைப் போலப் பொண்டாட்டியைத் தாங்குகிறவன் திருநெல்வேலி ஜில்லாவில் கிடையாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருக்கும் எங்கள் பையன், யாரோ நண்பன் வீட்டுப் பூனையை வீடியோ எடுத்து அனுப்பினான். இடியாப்ப மாவு உருண்டையில் இரண்டு நாவல்பழத்தை அமுக்கி வைத்த மாதிரி ஒரு பூனை. அதை அவள் ஒரு வாரம் பார்த்தாள். எட்டாம் நாள் காலையில், நமக்கும் ஒரு பூனை வேண்டும் என்றாள்.

உனக்கு இளைப்பு இருக்கிறதே என்றேன்.

"இளைப்பு எனக்குத்தானே இருக்கு. நீங்க எதுக்கு இப்படிப் பதறுதிய?"

டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். உள்ளூர எனக்குத் திட்டம் இருந்தது. நுரையீரல் டாக்டர் பூனை என்ற வார்த்தையைக் கேட்டதுமே நாற்காலியை விட்டு எழுந்து கத்துவார், நான் வருத்தப்படுவது போல முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வரலாம். அந்த மனுஷன் என்னைக் கைவிட்டுவிட்டார். பூனையின் முடியால் பெரிதாக ஒன்றும் வருவதில்லை, அதன் எச்சிலும் தோலிலிருந்து உதிரும் செதிளும்தான் ஆகாதவர்களுக்கு ஆகாது என்றார். எந்தச் சாதிப் பூனையும் முழுக்கப் பத்திரம் கிடையாது, எல்லாப் பூனையும் எல்லாருக்கும் கெடுதலும் கிடையாது. வாங்கப்போகிற அதே பூனையோடு நாலு தடவை போய் உட்கார்ந்து பாருங்கள், ஒத்துக்கொண்டால் வாங்குங்கள், படுக்கையறைக்குள் மட்டும் விடாதீர்கள். இவ்வளவுதான் சொன்னார். அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். என் காதில் விழுந்தது "பூனைக்குப் பூனை வித்தியாசம்" என்பது மட்டும். ஆகவே வித்தியாசமான பூனை ஒன்று எங்கேயோ பிறந்திருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பதே என் வேலை என்று முடிவுக்கு வந்தேன்.

பத்து நாள் போனிலேயே கிடந்தேன். அந்தப் பத்து நாளில் நான் கற்றுக்கொண்டதை வைத்து ஒரு பட்டமே கொடுக்கலாம். பூனையில் ஒரு சாதியையும் இன்னொரு சாதியையும் வேண்டுமென்றே சேர்த்துப் புதுச் சாதி பண்ணுகிறார்கள். பாரசீகத்துப் பூனையின் முடியும் சயாம் நாட்டுப் பூனையின் கறுத்த மூஞ்சியும் நீலக்கண்ணும் ஒன்றாக இருந்தால் தேவலையே என்று ஒருத்தனுக்குத் தோன்றியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துவிட்டான். வந்த குட்டிக்கு ஹிமாலயன் என்று பெயர். இமயமலைக்கும் அதற்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. முதல் ஈற்றில் குட்டிகள் கண்டபடி வரும். ஒன்று அப்பன் மாதிரி, ஒன்று ஆத்தா மாதிரி, ஒன்று யார் மாதிரியும் இல்லாமல். அதில் பொறுக்கி, மறுபடி சேர்த்து, மறுபடி பொறுக்கி, ஒவ்வொரு தலைமுறையையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டே போனால், கடைசியில் கலப்பே ஒரு சுத்தமான சாதியாகிச் சான்றிதழும் வாங்கிவிடுகிறது.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. கொஞ்சம் வேறு என்னவோவும் வந்தது. எங்கள் பக்கத்தில் மனுஷப்பிள்ளைகள் இரண்டு பேர் சாதி மாறிச் சேர்ந்தால் அரிவாள் எடுக்கிறவன் இருக்கிறான். பூனை சேர்ந்தால் பதக்கம். அரிவாள் எடுக்கிற அவனேதான் கலப்பினப் பூனைக்கு முன்பணம் கட்டி, "ஒரிஜினல் கிராஸ்தானே அண்ணாச்சி?" என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். எனக்கு என் கொள்ளுத்தாத்தாவுக்கு மேலே ஒருத்தர் பெயரும் தெரியாது. விற்பனைக்கு வந்த ஒரு பூனைக்கு ஐந்து தலைமுறை கட்டம் போட்டு வைத்திருந்தார்கள்.

இளைப்பே வராத பூனை தன்னிடம் இருப்பதாக எட்டுப் பேர் எழுதினார்கள். ஒருவர் முடி கொட்டாத பாரசீகப் பூனை தருகிறேன் என்றார். மழை பெய்தால் நனையாத வாய்க்கால் தருகிறேன் என்பது மாதிரி. அவரிடமே முன்பணம் கட்டியிருப்பேன். அதற்குள் என் மனைவி பாளையங்கோட்டையில் ஒரு டீச்சர் ஹிமாலயன் பூனை வளர்த்து விற்கிறார் என்று விசாரித்துவிட்டாள். டாக்டர் சொன்னபடி போய் உட்காரலாம், பக்கம்தானே என்றாள்.

எனக்கு மாட்டையே முன்பக்கமாகப் பார்த்துத்தான் பழக்கம், அதுவும் படத்தில். பூனையை எங்கே பார்த்து வாங்குவது? யாரையாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். பிராணிகளைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே நிபுணன், ஒன்பதாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்து என் கணக்கைப் பார்த்து எழுதிய நாங்குநேரிக்காரன். இப்போது மாட்டுத் தரகன். மேலப்பாளையம் சந்தைக்கு அவன் போகாத வாரமில்லை. ஜெர்சி கலப்பு, சிந்து கலப்பு என்று கறவை மாடு வாங்கிக் கொடுப்பதில் நல்ல பெயர். போனில் நாலு வாட்சப் குழு வைத்திருக்கிறான், என்னைவிட நன்றாகச் சம்பாதிக்கிறான். எங்கள் கணக்கு வாத்தியார் இருந்தால் நெஞ்சு வெடித்துப் போவார்.

விஷயத்தைச் சொன்னதும் அவன் பொரிந்தான்.

"ஏலே, கோட்டி புடிச்சிட்டா ஒனக்கு? முப்பது வருசமா மடியத் தடவிப் பாத்துக்கிட்டு இருக்கேன். என்னயப் போயி பூனைக்குக் கூப்பிடுத."

கலப்பு என்றால் எல்லாம் கலப்புதானே என்றேன். அது அவனுக்கு உறைத்துவிட்டது. கலப்பைப் பற்றித் தன்னைவிடத் தெரிந்தவன் இன்னொருத்தன் இருப்பதை அவனால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டியில், தோளில் துண்டோடு வந்து நின்றான். சந்தையில் இரண்டு தரகர்கள் துண்டுக்கடியில் கையை விட்டு விரலைத் தொட்டுத்தான் விலை பேசுவார்கள். விலை பேசப்போவது டீச்சரம்மாவிடம், துண்டை வைத்துவிட்டு வா என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

டீச்சர் வீட்டு மாடியில் பூனைக்கென்றே ஓர் அறை. வீட்டுக்காரர்களுக்கு மின்விசிறி, பூனைகளுக்கு ஏசி. சுவரில் வேத வசனக் காலண்டர், அதற்குக் கீழே மரச்சட்டம் போட்ட பூனைச் சான்றிதழ். தாய்ப்பூனை ஒரு மெத்தையில், வாடகை வாங்க வந்த வீட்டுச் சொந்தக்காரி மாதிரி எங்களைப் பார்த்தது. குட்டி மூன்று. இரண்டு விலை பேசியாகிவிட்டது, இதுதான் மிச்சம், இதுதான் ஈற்றிலேயே ஒசத்தி என்று சொல்லி டீச்சர் ஒரு வெள்ளை உருண்டையை என் மனைவி மடியில் வைத்தார். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மடிப்பு. வீடியோவில் பார்த்த அதே அச்சு. இதற்கு பஞ்ச் ஃபேஸ் என்று பெயராம். சப்பையான மூஞ்சி. மூஞ்சி எவ்வளவுக்கு எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு விலை மேலே போகும்.

என் மனைவி அதன் தலையைத் தடவினாள். பத்து நிமிடம் இருக்கும். ஒரு தடவை இருமினாள். மறுபடி இருமினாள். நெஞ்சிலிருந்து அந்த மெல்லிய விசில் சத்தம் எனக்குக் கேட்டது.

அப்புறம் நடந்ததை நான் விரும்பிச் சொல்லவில்லை. சட்டைப் பையில் ஒன்று, பேண்ட் பையில் ஒன்று என்று இரண்டு இன்ஹேலர் கொண்டுபோயிருந்தேன். ஒன்றை உருவினேன். நன்றாகக் குலுக்கினேன். மருந்து வருகிறதா என்று சோதித்துப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது அல்லவா? சோதித்துப் பார்த்தேன், என் வாயில். ஒரு தடவைக்கு வந்த மாதிரி தெரியவில்லை, இன்னும் மூன்று தடவை. அந்த மருந்து இளைப்பு இல்லாதவன் உடம்பில் போனால் என்ன செய்யும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கை தாளம் போட்டது. நெஞ்சு ரதவீதியில் தேர் ஓடுகிற மாதிரி ஓடியது. டீச்சர் என்னைப் பூனை மெத்தையில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்தார். தாய்ப்பூனை நகர்ந்து இடம் கொடுத்தது. என் மனைவி கைப்பையிலிருந்து தன்னுடையதை எடுத்து, இரண்டு தடவை நிதானமாக உறிஞ்சி, பத்து எண்ணி மூச்சை விட்டு, என்னிடம் வந்து "இப்ப தேவலையா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான், பூனை முடிந்தது, கிளம்பலாம் என்றேன், படுத்தபடியே.

தரகன் எங்களைக் கவனிக்கவில்லை. குட்டியின் முதுகில் விரலை ஓட்டி, விரலை மூக்கில் வைத்து மோந்துகொண்டிருந்தான்.

"டீச்சரம்மா, இதுக்குப் பவுடர் போட்டிருக்கியளா?"

டீச்சர் மறைக்கவில்லை. ஆட்கள் பார்க்க வரும்போது குளிப்பாட்டி, காயவைத்து, கொஞ்சம் பவுடர் தூவினால் முடி பூத்த மாதிரி நிற்கும், எல்லாரும் செய்வதுதான் என்றார். தரகன் தலையாட்டினான். சந்தைக்கு வருகிற மாட்டுக்கும் அதே அலங்காரம்தான். கொம்பைச் சீவி எண்ணெய் தடவி, இரண்டு வேளை கறக்காமல் மடியைப் பெருக்க வைத்து ஓட்டிவருவார்கள். அதைப் பார்த்து வாங்குகிறவன் வீட்டுக்குப் போய் வாயிலடித்துக்கொள்வான். அதனால் விவரம் தெரிந்தவர்கள் விற்கிறவன் தொழுவத்துக்கே போய் மூன்று கறவை இருந்து பார்த்துத்தான் மாட்டை அவிழ்ப்பார்கள்.

"மொத கறவை விக்கவனுக்குள்ளது. அதுல எல்லாம் பொய்யி. ரெண்டாவது மாட்டுக்குள்ளது. மூணாவதுதான் நமக்கு. ஏல, ஒரு கறவையில மாட்ட வேண்டாம்னு சொன்னவனும் மடையன், வேணும்னு சொன்னவனும் மடையன். எந்திரி, அது பூனை மெத்தை."

டாக்டர் சொன்னதும் இவன் சொன்னதும் ஒன்றே. டாக்டர் சொன்னபோது எனக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் வருகிறோம், அதுவரை குளிப்பாட்ட வேண்டாம், பவுடர் வேண்டாம், அறையில் எந்த வாசனையும் அடிக்க வேண்டாம் என்று அவன் பேசி முடித்தான். என் மனைவி டீச்சரிடம் வருகிறேன் என்று சொன்னாள். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கீழே இறங்கும்போது குட்டிக்கு முதுகில் ஒரு சுழி இருந்ததாகத் தரகன் சொன்னான். மாட்டுக்குப் பாடைச்சுழி இருந்தால் வாங்கின வீட்டில் சாவு விழும் என்பார்கள். எனக்கு மறுபடி தேர் ஓட ஆரம்பித்தது. என்ன சுழிலே என்றேன். பூனைக்கு என்ன சுழியோ அது, என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டாவது ஞாயிறு. என் இரண்டு இன்ஹேலரையும் வீட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டுதான் அவள் என்னை வண்டியில் ஏற்றினாள்.

பவுடர் இல்லாத குட்டி பாதியாகத்தான் இருந்தது. தரகன் இந்தத் தடவை முறையாகப் பார்த்தான். கண்ணில் பீளை இருக்கிறதா, காதுக்குள் அழுக்கா, வாலுக்கடியில் சுத்தமா, வயிறு உப்பியிருக்கிறதா, தாய் குட்டியை அண்டவிடுகிறதா. கையைத் தட்டினால் திரும்புகிறதா. தடுப்பூசிச் சீட்டை வாங்கி என்னிடம் தந்தான், உனக்குத்தான் காகிதம் பிடிக்குமே என்று. என் மனைவி குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்தாள். முக்கால் மணி. இருமல் இல்லை. விசில் இல்லை. நான் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்ததில் டீச்சருக்குக் கூச்சமாகிவிட்டது.

ஆனால் விசில் ஒன்று எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவளுக்கும் கேட்டிருக்கிறது. குனிந்து குட்டியின் மூஞ்சிக்குப் பக்கத்தில் காதை வைத்தாள். தூங்கிக்கொண்டிருந்த குட்டி வாயைத் திறந்து திறந்து மூச்சை இழுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு சின்ன கொர்.

"டீச்சர், இதுக்குச் சளியா?"

சளி இல்லை, நல்ல பஞ்ச் ஃபேஸ் என்றால் அப்படித்தான் சத்தம் வரும், மூக்குத் துவாரம் சின்னது, கண்ணில் தண்ணீர் வரும், தினம் துடைத்துவிட வேண்டும், அதுதான் இதற்கு அழகு என்று டீச்சர் சொன்னார். அவர் சொன்னதில் ஒளிவுமறைவு இல்லை. பெருமையாகவே சொன்னார்.

என் மனைவி முந்தானையால் குட்டியின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"எனக்கு இருக்கது தானா வந்தது டீச்சர். இதுக்கு வேணும்னு வர வச்சிருக்கு. வர வச்சு, அதுக்கு வெலையும் கூட."

தரகன் துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டான். டீச்சர் கோபப்படவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் மூக்கு வெளியே வராத குட்டிதான் கேட்கிறார்கள், மூக்கு வைத்தால் வாங்குவதில்லை என்று மெதுவாகச் சொன்னார். அப்புறம் எழுந்து சமையலறைக்குப் போய், நாலாவது குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று என்றுதான் முதலில் சொல்லியிருந்தார். இதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லையாம். அதே ஈற்று, அதே தாய். எந்தத் தலைமுறையிலோ சேர்ந்த சயாம் தாத்தாவின் மூக்கு பல தலைமுறை தாண்டி இதற்கு வந்து சேர்ந்திருந்தது. நீட்டு மூக்கு, விடைத்த காது, கறுத்த மூஞ்சி, வாலில் மட்டும் புசுபுசுவென்று பாரசீகம். கண்காட்சிக்கு ஆகாது, ஒச்சம் என்றார். வந்த உடனே அது என் மனைவி மடியில் ஏறி, தூங்கிக்கொண்டிருந்த அண்ணன் தலையை மிதித்து, எல்லாரையும் பார்த்து ஒரு கத்துக் கத்தியது. ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்று சொன்னால் வருமே, அந்தக் குரல்.

இப்போது என் கேவலத்தைச் சொல்ல வேண்டும். நான் சப்பை மூக்குக்குத்தான் வாதாடினேன். அதற்குச் சான்றிதழ் இருக்கிறது. ஓடாது, ஆடாது, ஓரிடத்தில் கிடக்கும், முடியும் செதிளும் ஓரிடத்திலேயே விழும். மூச்சு விடத் திணறுவது அதற்குத்தானே, உனக்கு இல்லையே என்றுகூடச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எந்த இழப்பீட்டுப் படிவத்திலும் நிரப்ப முடியாது.

மூன்றாவது உட்காரலுக்கு அவள் என்னைக் கூப்பிடவில்லை. புதன்கிழமை, டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், தரகனிடம் போனில் சொல்லிவிட்டுத் தனியாக ஆட்டோவில் போய், நீட்டு மூக்கோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு நல்ல நாளில் அது எங்கள் வீட்டுக்கு வந்தது. நாங்கள் சைவம். அது சைவமில்லை. பூனைத் தீனிப் பொட்டலத்தில் மீன் படம் போட்ட பக்கத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்து அந்தப் பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டோம்.

ஐந்து நாள் ஒழுங்காகப் போயிற்று. ஆறாம் நாள் காலை, நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது, அடுப்படியில் அவள் இருமினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலு. நிற்கவில்லை.

பாதிக் கன்னத்தில் நுரை. பூனை பீரோ மேல் இருந்தது. காய்கறிக் கூடையில் இருந்த கத்தரிக்காயைத் தரையில் கொட்டினேன், பூனையை உள்ளே போட்டேன், மேலே முறத்தைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டினேன், வண்டியில் வைத்து வாயிலைத் தாண்டிவிட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நேரமாகிவிடும் என்று அப்போது தோன்றியது. கேட்டால் வேண்டாம் என்பாள் என்பது இப்போது தெரிகிறது.

பாளையங்கோட்டை வரைக்கும் அந்தச் சயாம் தொண்டை ஓயவில்லை. முருகன்குறிச்சி சிக்னலில் பக்கத்துப் பஸ்ஸிலிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தர் பிள்ளையையா கட்டி வைத்திருக்கிறீர் என்று கேட்டார். டீச்சர் வீட்டுக்கு வந்தால் கேட் பூட்டியிருந்தது. டீச்சர் என்றால் பள்ளிக்கூடம் போவார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாதிச் சவரம் செய்த ஒருத்தன், அலறுகிற கூடையோடு தெருவில் நின்றால், நம் ஊரில் கூட்டம் தானாகச் சேரும். முக்கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் தரகனுக்குப் போன் போட்டேன். அவன் முழுவதும் கேட்டுவிட்டு, அவளுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்றான்.

எனக்குத் தெரியவில்லை.

"வெளங்காத பயலே. இளைக்கது அங்கன. நீ கூடையத் தூக்கிக்கிட்டு இங்கன நிக்க. ஒனக்கு அவ முக்கியமா, ஒன் பயம் முக்கியமா?" என்று சொல்லி வைத்துவிட்டான்.

வீட்டுக்குப் போக வண்டியைத் திருப்பினேன். அந்த நேரத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அவள் இறங்கினாள். மூச்சு வாங்கவில்லை. கையில் டாக்டர் சீட்டு. எனக்குப் பின்னாலேயே கிளம்பி, வழியில் டாக்டரைப் பார்த்து, குழாயில் ஊதிக் காட்டிவிட்டு வந்திருக்கிறாள். போன மாதத்தைவிட நன்றாக ஊதியிருக்கிறாள். நெஞ்சு சுத்தம். வத்தல் வறுத்த நெடி, அதற்கு இருமல். எங்கள் ஓட்டைப் புகைபோக்கியைத்தான் டாக்டர் மாற்றச் சொன்னாராம்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் குரலை உயர்த்தவில்லை.

"நான் இருமுனதுக்குப் பூனையக் கொண்டுவிட வந்திய. இருபத்தேழு வருசமா நீங்க விடுத கொறட்டைக்கு, ஒங்கள நான் எங்கன கொண்டு விட்டிருக்கணும்?"

கூட்டத்தில் ஒரு கிழவர் சிரித்ததில் அவருக்கு இளைப்பு வந்துவிட்டது. நான் சொல்ல வாயெடுத்தேன். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஆரம்பித்தேன்.

"ஏதாச்சும் ஆச்சுன்னா நான் சொல்லுவேன்," என்றாள். "ஒம்போது வருசமா நீங்கதான் சொல்லுதிய. எனக்கு எப்ப முடியல, எப்ப முடியுது, எல்லாம் நீங்க. மூச்சு விடுதது நான். ஒத்துக்கிடலன்னா நானே கொண்டுவந்து இங்க விடுவேன். அன்னைக்கும் வண்டி ஓட்ட ஒங்களக் கூப்பிட மாட்டேன்."

கூடையை என் கையிலிருந்து வாங்கி, முறத்தின் கயிற்றை அவிழ்த்து, உள்ளே கையை விட்டுக்கொண்டே ஆட்டோவில் ஏறினாள். பூனை சத்தத்தை நிறுத்திவிட்டது. நான் பின்னால் வண்டியில் போனேன், பாதி முகத்தில் நுரை காய்ந்து இழுத்துக்கொண்டிருக்க.

எட்டு மாதமாகிறது. பூனை வாங்க நினைப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள், நானும் பெரிய மனுஷன் மாதிரிச் சொல்கிறேன். தாயைப் பாருங்கள், பவுடர் இல்லாமல் பாருங்கள், மூக்கு இருக்கிறதா பாருங்கள், மூன்று தடவை போங்கள். சான்றிதழை வேண்டுமானால் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள், அது மூச்சு விடாது. இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது என் குரல் தானாகக் கம்பீரமாகிவிடுகிறது. சப்பை மூக்குக்கு வாதாடினவன் யார் என்பதை மட்டும் சொல்வதில்லை.

போன வெள்ளிக்கிழமை சாயந்தரம் அவள் கூடத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள், பூனை அவள் காலடியில். நான் நாற்காலியில் பேப்பரோடு. அவள் இருமினாள். இரண்டு தடவை. பூனை காதைத் திருப்பி என்னைப் பார்த்தது. அவளும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்குத் தெரியும். நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"தண்ணி வேணுமா?" என்றேன்.

"வேண்டாம்," என்றாள்.

சரி என்று பேப்பரைப் புரட்டினேன். அது தலைகீழாக இருந்ததை அவள் சொல்லவில்லை.